சொட்டுகளின் கணக்கு

நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வெயிலில் உழைத்துக் களைத்து வருவோர் பலர் எங்களிடம் முதலில் கேட்பது, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்" என்பதே. ஏற்றத் தொடங்கியதும் உடனிருப்போர் கேட்பது, "சற்று வேகமாக விடக் கூடாதா?" என்பது. இவ்விரண்டுக்கும் விடை கூறுவது எங்கள் கடமை.

நரம்பு வழியாக ஏற்றப்படும் திரவம் உணவன்று; மருந்து. 5 சதவீத குளுக்கோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருக்கும் சர்க்கரை 25 கிராம் மட்டுமே. வாயால் அருந்த இயலும் நிலையில் வெறும் களைப்புக்கு உணவும் கஞ்சியும், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் பெரும்பாலும் போதுமானவை. 1971-இல் மேற்கு வங்கத்தின் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குரிய திரவம் தீர்ந்துவந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் வாய்வழிக் கரைசலைக் கொடுத்தே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். கடும் நீரிழப்பு, ஓயாத வாந்தி, நினைவிழப்பு போன்ற நிலைகளில்தான் பாட்டில் இன்றியமையாததாகிறது.

அவ்வாறு ஏற்றும்போது செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தபடி சொட்டுகளை எண்ணுவதைக் கண்டிருப்பீர்கள். 20 சொட்டுகள் ஒரு மி.லி. ஆகும் குழாயில் 500 மி.லி. திரவத்தை 4 மணி நேரத்தில் செலுத்த வேண்டுமெனில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டுகள் விழ வேண்டும். குழந்தைகளுக்குரிய நுண்சொட்டுக் குழாயிலோ 60 சொட்டுகள் சேர்ந்தால்தான் ஒரு மி.லி. ஆகும். குழாய் மாறினால் கணக்கும் மாறும். நோயாளியின் வயது, எடை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைக் கருதியே மருத்துவர் அளவைக் குறிக்கிறார். அந்த அளவைச் சொட்டுக்குச் சொட்டு காப்பவர் செவிலியர்.

மதகை அளவறிந்து திறக்க வேண்டும் என்பதைக் காவிரிக் கரையில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உடலும் அத்தகையதே. திரவம் மிகுந்தால் முதியவர்க்கும் இதய, சிறுநீரக நோயுள்ளவர்க்கும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். பொட்டாசியம் கலந்த திரவம் விரைந்து இறங்கினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். ஆகவே, குழாயிலுள்ள சிறு சக்கரத்தை நீங்கள் திருக வேண்டாம்.

கீழ்க்கண்டவற்றைக் கண்டால் உடனே செவிலியரை அழையுங்கள்:

• ஊசி உள்ள இடத்தில் வீக்கம், வலி, எரிச்சல், சிவப்பு அல்லது கசிவு
• குளிர் நடுக்கம், காய்ச்சல், உடலில் தடிப்பு
• மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு
• சொட்டு நின்றுபோதல், குழாயில் இரத்தம் ஏறுதல், பாட்டில் தீரும் நிலை

நள்ளிரவில் அழைப்பதற்கும் தயங்க வேண்டாம். எத்தனை பாட்டில், எவ்வளவு நேரம், எதற்காக என்று கேட்பது உங்கள் உரிமை. செவிலியர் எண்ணும் சொட்டுகளோடு உங்கள் கவனமும் சேரும்போதுதான் நோயாளிக்கு முழுப் பாதுகாப்புக் கிடைக்கிறது.