பூட்டும் திறவுகோலும்



என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு கலங்கிய முகத்துடன் என் இல்லத்திற்கு வந்தாள். மின்னஞ்சல், கல்லூரிக் கணக்கு, சிறியதோர் இணையக் கடை ஆகிய அனைத்திற்கும் அவள் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாள். கடையின் பதிவுகள் கசிந்தன. கள்வர் அச்சொல்லைக் கொண்டே அவளது மின்னஞ்சலையும் திறந்துவிட்டனர். உதவித்தொகைக்குரிய மடல்கள் யாவும் அவள் கைவிட்டுப் போயின. “ஐயா, இருபது கடவுச்சொற்களை எவ்வாறு நினைவில் வைப்பது?” என்று வினவினாள். அவ்வினாவிற்குரிய விடையையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஏனையவற்றைக் காப்பதற்குக் கடவுச்சொல் நிர்வாகி என்னும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று கீபாஸ்எக்ஸ்சி. விலையின்றிக் கிடைப்பது, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குவது. கடவுச்சொற்கள் அனைத்தையும் மறையெழுத்தாக்கி, உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பில் அது வைக்கிறது. முதன்மைக் கடவுச்சொல் என்னும் திறவுகோலால் அக்கோப்பைத் திறக்கலாம்.

இம்மென்பொருள் திறமூல வகையைச் சார்ந்தது. இதன் உள்ளமைப்பை எவரும் படித்துப் பார்க்கலாம். “பூட்டின் அமைப்பைக் கள்வனும் அறிவானே!” என்று நீங்கள் ஐயுறலாம். பாரிசில் மொழியாசிரியராக விளங்கிய கெர்க்காஃப்ஸ் 1883ஆம் ஆண்டிலேயே இவ்வையத்தைத் தெளிவித்தார். மறையெழுத்துக் கருவி பகைவர் கையிற் சிக்கினும் கேடு விளையலாகாது. திறவுகோல் மட்டுமே மறைவாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அமைப்பு வெளிப்படையாயின், அறிந்தோர் பலரும் ஆராய்ந்து குறைகளைச் சுட்டவும் இயலும்.

இனி, உலாவியுடன் இதனை இணைக்கும் முறையைக் காண்போம். முதலில் கீபாஸ்எக்ஸ்சியின் அமைப்புகளில் உலாவி இணைப்பை இயக்குக. பின்னர், ஃபயர்பாக்ஸ் அல்லது குரோம் உலாவியில் இதற்குரிய நீட்டிப்பை நிறுவி, இணைப்பதற்கு இசைவு தருக. அதன்பின் நீங்கள் ஒரு தளத்தில் நுழையும்போது, அத்தளத்தின் முகவரியை நீட்டிப்பு கீபாஸ்எக்ஸ்சிக்கு அனுப்பும்; கீபாஸ்எக்ஸ்சி அதனைக் கோப்பிலுள்ள முகவரியோடு ஒப்பிடும். பொருந்தினால் மட்டுமே கடவுச்சொல்லைத் தரும். வங்கியின் தோற்றத்தை அப்படியே போலியாக வரைந்து வைத்தாலும், முகவரி வேறாதலின் அது வாளா இருக்கும். நம் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறுவதில்லை. ஆகவே, அது சொல்லைத் தராதபோது, முகவரியை ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள்.

சில எச்சரிக்கைகளும் உள. முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தருவார் எவருமிலர். ஆதலால், தொடர்பற்ற ஐந்தாறு சொற்களைக் கோத்து, நீளமாகவும் நினைவில் நிற்பதாகவும் அமைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் படியொன்றை வேறோர் இடத்திலும் வையுங்கள். மென்பொருளை அதற்குரிய தளத்திலிருந்தே பெறுங்கள். பிறரும் பயன்படுத்தும் கணினியில் உங்கள் கோப்பைத் திறவாதீர்கள்.

அம்மாணவி பெரும்பாடுபட்டுத் தன் மின்னஞ்சலை மீட்டாள். இன்று அவளுடைய கணக்கு ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கடவுச்சொல் உண்டு. அவற்றுள் ஒன்றேனும் அவளுக்கு மனப்பாடமில்லை! மனப்பாடம் வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய நான், இதனைக் கேட்டு மகிழ்ந்தேன்.