உங்களுக்குத் தெரியுமா? விழாதவரையும் முடக்கும் பயம்

முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள முதியவர்களை வீட்டுக்குள் முடக்குவது வலி மட்டுமல்ல, ‘விழுந்துவிடுவோமோ’ என்ற பயமும்தான். ஒருமுறைகூட விழாதவர்களுக்கும் அது வருகிறது.

இதை அளக்கவே ஒரு வினாப்பட்டியல் இருக்கிறது. கனடா ஆய்வாளர்கள் பாவெல், மையர்ஸ் இருவரும் 1995இல் வெளியிட்டது. மொத்தம் 16 கேள்விகள். படி ஏறி இறங்கும்போது, தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுக்கும்போது, வீடு பெருக்கும்போது, கூட்டத்தில் யாராவது இடிக்கும்போது தடுமாறமாட்டீர்கள் என்று எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள்? சராசரி 80க்கு மேல் இருந்தால் நல்ல நடமாட்டம். 50க்குக் கீழே போனால் அன்றாட இயக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று கொள்வார்கள்.

இந்தப் பயத்தை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்குவது தவறு. தேய்ந்த மூட்டில், கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மங்குகிறது. தொடையின் முன்பக்கத் தசையும் வலுவிழக்கிறது. ஆனால் பயந்து உட்கார்ந்தே இருந்தால் அதே தசை இன்னும் மெலிந்து, விழும் வாய்ப்பு உண்மையிலேயே கூடிவிடும். அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியையும் சீனத்துத் தாய்ச்சிப் பயிற்சியையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. நடக்கச் சிரமப்படுவோருக்குக் கைத்தடியையும்தான்.

“நீங்க சும்மா உட்காருங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்” என்று அன்போடு சொல்வதை நிறுத்துங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள்.