எடைக்குப் போகும் பெயர்கள்

பினாங்கு லோரோங் கூலிட் பசாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள். சாமான் வாங்குகிறவன் அதற்கு முன்பே போய் நிற்க வேண்டும். வேன் கதவைத் திறந்து பெட்டியை இறக்கும்போதே நல்ல சரக்கு கைமாறிவிடும். தார்ப்பாயில் பரப்பி வைத்திருப்பதெல்லாம் என்னைப் போன்ற நாலைந்து பேர் ஏற்கெனவே தொட்டுப் பார்த்து வேண்டாமென்று விட்டவைதான். பதினேழு ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் விடிகின்றன. பொழுதுபோக்காகத் தொடங்கியது, இன்று என் வீட்டு வாடகையில் பாதியைக் கட்டுகிறது.

ஜார்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டியது இந்த இடம். கூலிட் என்றால் தோல். முன்பு இந்தப் பழைய சாமான் கடைகள் ஜாலான் பிந்தால் தாலியில், அதாவது ஒரு காலத்தில் கயிறு திரித்த ரோப் வாக் தெருவில் இருந்தன. பிறகு இங்கே மாற்றப்பட்டன. பழைய சாவி, கழற்றிய மின்விசிறி, சீனக் கோயில் பலகை, எனாமல் அடுக்குச் சட்டி, யாருடையதென்று தெரியாத திருமணப் படம் எல்லாம் ஒரே பாயில் கிடக்கும்.

இந்த ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு பழைய சாமான் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், வாடகை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த வரையில் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் மூன்று தலைமுறைகள் சொற்ப வாடகையில் குடியிருந்தன. மூன்று தலைமுறைச் சாமான்களும் மாடியில் இருந்தன. 1997இல் அதை நீக்கச் சட்டம் வந்து, 2000 பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாகப் போனது. ஆயிரக்கணக்கான வீடுகள் காலியாயின. புது இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாததெல்லாம் ஐந்தடிப் பாதைக்கு வந்தது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமைத் தலமாக அறிவித்ததும், அதே சாமானுக்கு விலை ஏறியது.

ஆனால் எல்லாச் சாமானுக்கும் ஏறவில்லை. பெரானாக்கான் சீனர்களின் நோன்யா பீங்கானுக்கும் முத்துச் செருப்புக்கும் வாங்க ஆள் உண்டு, விவரம் சொல்ல நூல் உண்டு, சர்ச் ஸ்திரீட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களோடு ஒரு மாளிகையே காட்சிக்கூடமாக நிற்கிறது. நம் வீட்டுப் பித்தளைக் குடத்துக்கு? தராசுதான். கிலோவுக்கு இவ்வளவு என்று உருக்குகிறவருக்குப் போகிறது.

நம் சாமான் எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பது பெரும்பாலான வாசகர்கள் வீட்டுக் கதைதான். 1926இல் வெள்ளோட்டம் விடப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு ஆள்களைக் கொண்டுவந்தது. டிரங்குப் பெட்டிக்குள் ஒரு சொம்பும் ஒரு காமாட்சி விளக்குமாவது இருக்கும். 1969க்குப் பின் வேலை பெர்மிட் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பியவர்கள், தூக்க முடியாததை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். இருந்தவர்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது, லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு வந்தார்கள். முந்நூறு பேருக்குச் சோறு வடித்த அண்டாவை ஒன்பதாம் மாடியில் எங்கே வைப்பது? ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரி அதையும் ஏற்றிக்கொண்டது.

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது நாணயத்தைப் பற்றி. நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. ஜப்பான் காலத்து வாழைமர நோட்டைக் கட்டுக்கட்டாக வைத்திருப்பவர்கள் இன்னும் பலர். 1945இல் ஜப்பான் தோற்றதும் அது வெறும் காகிதமானது. கடைசிக் காலத்தில் வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். எண் உள்ளதைத்தான் சேகரிப்பவர் தேடுவார். நீரிணைக் குடியேற்ற அரசின் 1903, 1904 வெள்ளி டாலர் என்றால் தராசு கையில் இருக்கட்டும். அசல் 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. காந்தம் ஒட்டினால் பேசாமல் அடுத்த பாய்க்கு நகருங்கள்.

எனக்குப் பிடித்தது பித்தளையும் வெண்கலமும். விரல் மடக்கித் தட்டினால் வெண்கலம் மணி போல நீண்டு ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். வெண்கலத்தில் இருப்பது செம்பும் வெள்ளீயமும், பித்தளையில் செம்பும் துத்தநாகமும். பித்தளைத் தவலைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கிய வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அது ஈயம் பூசிச் சமைத்த பாத்திரம். அலமாரியில் அழகுக்கு இருந்ததல்ல. குத்துவிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அடியும் தண்டும் அகலும் தனித்தனியாக வார்த்துத் திருகியவை. ஒரு பகுதியின் நிறம் மட்டும் வேறாக இருந்தால் இரண்டு விளக்கை ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பாக்குவெட்டி கிடைத்தால் நான் விடுவதே இல்லை. பினாங்கு என்ற பெயரே பாக்கு மரத்திலிருந்து வந்தது, அந்த ஊரில் பாக்குவெட்டியை யாரும் மதிப்பதில்லை!

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு நான் தேடுவது எழுத்தை. பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கம் நம்மிடம் இருப்பது போல இந்தத் தீவில் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பத்து வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கழுவப்படும். எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. அதற்காக வெட்டிய பெயர் இன்று பிறப்புச் சான்றிதழ் போல உதவுகிறது. பழைய பெயர் உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டியிருக்கும். பிறகு வந்தது மின்கருவியில் ஓடும் மெல்லிய கோடு. எழுத்தின் வடிவமும் காலம் சொல்லும். ‘அண்ணாமலை’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ணா’வுக்குச் சுழித்த வால், ‘லை’க்கு யானைத் துதிக்கை என்று இருந்தால் அது பழைய எழுத்து. தமிழகத்தில் 1978இல் எம்.ஜி.ஆர். அரசு சீர்திருத்த எழுத்துக்கு ஆணையிட்டது. ஆனாலும் பெயர் வெட்டும் கைகள் அரசாணைக்கு மறுநாளே மாறவில்லை. ஆகவே இதை ஒரு துப்பாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

செட்டியார் வீட்டுப் பாத்திரமென்றால் முழுப்பெயர் இராது, விலாசம்தான் இருக்கும். மூன்று நான்கு தலைமுறைகளின் முதலெழுத்துகள் வரிசையாக நிற்கும். லெபோ பினாங்குக் கிட்டங்கிகளில் வட்டித் தொழில் நடந்த காலத்துப் பெட்டகமும் கைமேசையும் எப்போதாவது வரும். எதிர்த்திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஸ்வீடன் நாட்டு எனாமல் தட்டும் பர்மாத் தேக்குத் தூணும் அடுக்கியிருக்கும். கடல் தாண்டிச் சம்பாதித்தவர்கள் கட்டிய வீடுகள் பிரிக்கப்பட்டபோது வந்தவை அவை.

அங்கே போய் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சாமி சிலை பக்கம் கையே வைக்காதீர்கள், அது லோரோங் கூலிட் பாயில் கிடந்தாலும் சரி. ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் திருடு போய், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டு, 2014இல் இந்தியாவுக்குத் திரும்பிய கதை எல்லோருக்கும் தெரியும். அத்தனை பெரிய கூடமே வந்த வழி விசாரிக்காமல் சிக்கியது. நாம் எம்மாத்திரம்?

வந்த வழியைச் சொல்லும் எழுத்துக்கு உலகிலேயே எனக்குத் தெரிந்த சிறந்த சாட்சி நியூசிலாந்தில் இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், அந்நாட்டின் வடபகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலச் சட்டியில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது சட்டியல்ல, விளிம்பு உடைந்த மணி. அதைச் சுற்றிப் பழந்தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்பது அதன் பொருள். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டார் என்பார்கள். வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. எப்படி அங்கே போனது என்பதற்கு உறுதியான விடை இல்லை. எழுத்து மட்டும் இல்லாதிருந்தால் அது யாருடையது என்று கேட்கவே ஒருவருக்கும் தோன்றியிருக்காது. இதே ஜார்ஜ்டவுனில் 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பியவர்களும் கடலோடி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள்தாம் என்பதால், அந்த மணியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது பக்கத்து வீட்டுச் சாமான் போலவே தோன்றும்.

சென்ற ஆண்டு உள்ளலங்காரக்காரர் ஒருவர் வந்தார். உணவகம் ஒன்றுக்கு ஆறு குடம் வேண்டும். அடியில் ஓட்டை போட்டு, விளக்காகக் கவிழ்த்துத் தொங்கவிடப் போகிறார். என்னிடமிருந்த குடங்களில் பெயர் வெட்டிய ஒன்றை எடுத்தவர், தோள்பக்கத்தைத் தடவிப் பார்த்து, “இந்தக் கீறலை எல்லாம் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம் அல்லவா?” என்றார். அது ஒரு பாட்டியின் பெயர் என்று விளக்கினேன். அவருக்கு அது பொருட்டாக இல்லை. 350 வெள்ளி தருவதாகச் சொன்னார். மாதக் கடைசி, வாடகை நாள். பெயரில்லாத இரண்டை விற்றேன், அதை விற்கவில்லை. மீதி நான்கையும் அவர் வேறெங்கோ வாங்கிவிட்டார். அவற்றில் எத்தனையில் பெயர் இருந்ததோ. என் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் அந்தத் தவலை வந்தது. நரைத்த பிறகும் என்னைத் “தம்பி” என்றே கூப்பிடும் சீனப் பெரியவர் ஒருவர், ஏற்கெனவே அதைத் தராசில் வைத்திருந்தார். உருக்கினால் என்ன வருமோ அதற்கு மேல் இருபது வெள்ளி சேர்த்து, தொண்ணூறுக்கு வாங்கினேன். வீட்டில் புளி போட்டுத் தேய்த்தபோது கழுத்தைச் சுற்றி எழுத்து வந்தது. ஒரு பெண் பெயர், செபராங் பிறையில் ஒரு தோட்டத்தின் பெயர், 1956, பிறகு ‘மாமன் சீர்’.

படமெடுத்து இரண்டு மூன்று புலனக் குழுக்களில் போட்டேன். மூன்றாம் நாள் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் ஆசிரியை அழைத்தார். “அண்ணே, அது எங்க பாட்டியோடது.” அடுத்த சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீடு மாறும்போது லாரிக்காரருக்குக் கொடுத்த மூட்டையோடு போயிருக்கிறது. அம்மாவுக்குச் சொல்ல வேறு கதை இருந்தது. அவருடைய அம்மா வயதுக்கு வந்த சடங்குக்கு, தாய்மாமன் தோட்டத்திலிருந்து பினாங்குக்கு வந்து லெபோ பசாரில் இதை வாங்கி, ஃபெரியில் தலைமேல் வைத்தே நின்றுகொண்டு வந்தாராம். கீழே வைத்தால் நசுங்கிவிடும் என்று பயம். அவர் படம் ஒன்றுகூடக் குடும்பத்தில் இல்லை. மாமனின் பெயரும் பாத்திரத்தில் இல்லை, ‘மாமன்’ என்ற சொல் மட்டும்தான் இருக்கிறது. அம்மா அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டே பேசினார்.

“உங்களுக்கு என்ன விலை போட்டது?” என்றார் மகள். தொண்ணூறு என்றேன். நூற்றிருபது கொடுத்தார். சும்மா தருவேன் என்று எதிர்பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. காரில் ஏற்றும்போது, இங்கே பெயர் வெட்டுகிறவர் இன்னும் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார். லிட்டில் இந்தியா பாத்திரக் கடைகளில் விசாரிக்கச் சொன்னேன். மாலையில் புலனத்தில் ஒரு படம் வந்தது. பாட்டி பெயருக்குக் கீழே, மின்கருவியின் மெல்லிய கோட்டில், அம்மாவின் பெயரும் மகளின் பெயரும். பக்கத்தில் ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள்.