காலுக்கு ஓய்வு கொடுத்தது போதும்

2025-ஆம் ஆண்டு நமது சங்கப் பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "என்ன சார், ரெண்டு வருஷமா ஆளையே காணோமே?" "ஊர்ப் பக்கம் போயிருந்தேன்" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய். அந்த இரண்டு வருடமும் நான் இதே நாக்பூரில், என் வீட்டு வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தேன். செருப்புக்குள் நுழையாத என் இடது காலை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

அந்தப் பொய்யைத் திருத்திக்கொள்ளவே இந்தக் கட்டுரை. என்னைப் போல வீட்டுக்குள் அடைந்துவிட்ட அன்பர்கள் யாரேனும் இருந்தால் அவர்களுக்குப் பயன்படட்டும் என்பது இன்னொரு காரணம். நான் டாக்டர் அல்ல. சிவில் டிப்ளமா முடித்து 1984-ல் ரயில்வேயில் சேர்ந்து, 2022-ல் ரிடையர் ஆகும் வரை தண்டவாளத்தையும் ஜல்லியையும் பார்த்துக்கொண்டிருந்தவன். எனக்குத் தெரிந்ததையும், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களிடம் கற்றதையும் மட்டுமே எழுதுகிறேன்.

அம்மாவின் நாற்காலி

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். வெற்றிலைக்கும் பாத்திரத்துக்கும் பெயர் போன ஊர். ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்கும் பெயர் போன ஊர். சாக்கடையிலும் தேங்கிய அழுக்குத் தண்ணீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் இதைப் பரப்புகிறது. கொசுவின் உடலில் இந்தப் புழு வளர்வதை 1877-ல் சீனாவில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் என்ற டாக்டர் கண்டறிந்தார். நம் நாட்டில் 1955-லேயே தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இருந்தும் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கால் என்று சொல்லும்படிதான் இருந்தது. எங்கள் வீட்டுக் கால் அம்மாவுடையது.

நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மாவுக்கு வலது கால் வீங்கியிருந்தது. அந்தக் காலோடுதான் அவர் குடம் எடுத்தார், கடைத்தெருவுக்குப் போனார், மகாமகக் குளத்தைச் சுற்றி வந்தார். எனக்கு வேலை கிடைத்துக் கையில் நாலு காசு சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், ஒரு பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டு, வீட்டு வேலைக்கு ஆள் வைத்தது. "இத்தனை நாள் பட்டது போதும்மா, இனிமே சும்மா உக்காரு" என்றேன். லீவில் போகும்போதெல்லாம் அதையே சொன்னேன். தங்கைகளும் சொன்னார்கள். ஒருமுறை அம்மா, "உக்காந்தா கனக்குதுடா தம்பி. கொஞ்சம் நடந்தாதான் தேவலைன்னு இருக்கு" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2003-ல் அவர் காலமானார். கடைசி மூன்று வருடம் அந்த நாற்காலியிலிருந்து தானாக எழுந்திருக்கவே முடியவில்லை.

என் கால்

1998-ல் பேதுல் பக்கம் டிராலி இன்ஸ்பெக்ஷன் முடித்துத் திரும்பிய அன்று எனக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. இடுப்பில் நெறி கட்டி, இடது கால் சிவந்து நெருப்பாகக் கொதித்தது. ஐந்தாறு நாளில் காய்ச்சல் போயிற்று. ஆனால் கணுக்காலில் ஒரு சிறு வீக்கம் தங்கிவிட்டது. கடித்தது கும்பகோணத்துக் கொசுவா, நாக்பூர்க் கொசுவா என்று சொல்ல முடியாது. விதர்பாவிலும் இந்த நோய் உண்டு. மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

அதன் பிறகு 24 வருடம் அந்தக் காலோடுதான் வேலை பார்த்தேன். நடக்காத நாள் கிடையாது. மே மாதத்து நாக்பூர் வெயிலில் ஜல்லி மேல் நடக்கும்போது, ரிடையர் ஆனால் இந்தக் காலுக்கு விடுதலை என்று நினைத்துக்கொள்வேன். ரிடையர் ஆனதும் அப்படியே செய்தேன். காலை டீபாய் மேல் நீட்டிக்கொண்டு பேப்பர், டி.வி., சாப்பாடு, தூக்கம். வீட்டில் மனைவியும் "இனியாவது காலுக்கு ஓய்வு கொடுங்க" என்றாள். மகள் பேன் வாங்கிக் கொடுத்தாள். ஒன்றரை வருடத்தில் என் எடை 9 கிலோ கூடியது. கால் இரண்டு பங்காயிற்று. குளிர் காய்ச்சல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தது. அம்மாவுக்கு நான் செய்ததை இப்போது என் பிள்ளைகள் எனக்குச் செய்தார்கள். அதுவும் அன்பினால்தான்.

2024 ஜனவரியில் மகள் பிடிவாதமாக ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப்போனாள். மராட்டியப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். காலைத் தொட்டுப் பார்த்து, அழுத்திப் பார்த்து, என் வேலையைப் பற்றி விசாரித்துவிட்டு இந்தியில் சொன்னார்: "காகா, இந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்தது போதும். இனி வேலை கொடுங்கள்."

தண்ணீர் எப்படி வடிகிறது?

அவர் விளக்கியதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதி நிணநீர்க் குழாய்கள் வழியாக மேலே ஏறி, கழுத்தடியில் மறுபடி ரத்தத்தோடு சேர வேண்டும். ரத்தத்துக்கு இதயம் என்ற பம்பு உண்டு. நிணநீருக்கு அப்படித் தனிப் பம்பு கிடையாது. குழாய்கள் தாமே மெல்லச் சுருங்கும். உள்ளே ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. மீதி வேலையை நம் தசைகளும் மூச்சும்தான் செய்கின்றன. ஆடுசதை ஒவ்வொரு முறை இறுகும்போதும் நீர் ஒரு படி மேலே தள்ளப்படுகிறது. யானைக்கால் புழு 6 முதல் 8 வருடம் இந்தக் குழாய்களுக்குள் வாழ்ந்து அவற்றைக் கெடுத்துவிடுகிறது. புழு செத்த பிறகும் குழாய் பழையபடி ஆவதில்லை. அதனால் தசையின் உதவி மற்றவர்களைவிட நமக்கு அதிகம் தேவை.

இதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. கரிசல் மண்ணில் போட்ட தண்டவாளத்தின் கீழே தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று எத்தனை கேங்மேன்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்! சேறு ஜல்லி வழியே மேலே பொங்கும், லைன் உட்காரும். மழைக்கு முன்னால் ஓரக் கால்வாயைச் சுத்தம் செய்யாத பி.டபிள்யூ.ஐ.க்கு மெமோ உறுதி. அப்படிப்பட்டவன் சொந்தக் காலில் ஒன்றரை வருடம் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தேன்.

என் அன்றாட வேலை

காலையில் எழுந்ததும் முதலில் கால் கழுவுதல். சாதாரண சோப்பு, சாதாரணத் தண்ணீர். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் கழுவி, மெல்லிய துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் பாத வெடிப்பும்தான் கிருமி நுழையும் வாசல். என் குளிர் காய்ச்சலுக்கெல்லாம் அதுவே காரணமாம். புண் இருந்தால் டாக்டர் கொடுத்த களிம்பு.

அடுத்து உடற்பயிற்சி, 20 நிமிடம். வயிறு எழும்பி அடங்க ஆழமாகப் பத்து மூச்சு. தோளை உருட்டுதல். பிறகு தொடையை மடக்கி நீட்டுதல், முழங்கால், கடைசியில் கணுக்கால். கால்வாயைச் சுத்தம் செய்யும்போது தண்ணீர் வெளியேறும் முனையிலிருந்துதான் ஆரம்பிப்போம் அல்லவா, அதே முறைதான். கணுக்காலை மேலும் கீழும் 20 தரம் ஆட்டி, இரு பக்கமும் வட்டமாகச் சுற்ற வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது 15 தரம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம் என்பதால் வயதானவர்களுக்கும் கஷ்டமில்லை.

பிறகு கட்டு. விரலடியிலிருந்து முழங்கால் வரை, அதிகம் இழுபடாத பாண்டேஜ் துணி. கணுக்காலில் சற்று இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். கட்டோடு நடந்தால்தான் தசை அழுத்துவதற்கு எதிரே ஒரு பிடிமானம் கிடைக்கும். இதைப் பார்த்துப் படிக்க முடியாது. தெரிந்தவரிடம் நேரில்தான் கற்க வேண்டும். சர்க்கரை, இதய நோய், காலில் ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கட்டவே கூடாது.

கட்டைப் போட்டுக்கொண்டு அம்பாஜரி ஏரிப் பக்கம் நடை. முதல் வாரம் 8 நிமிடம்தான். வாரம் இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டி இப்போது 45 நிமிடம் நடக்கிறேன். நடந்த பிறகு கால் கனத்தால் மறுநாள் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். வெயில் வீக்கத்தைக் கூட்டும் என்பதால் கோடையில் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவேன். இரவு கட்டை அவிழ்த்துவிடுவேன். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன்.

காய்ச்சல், சிவப்பு, வலி வந்தால் பயிற்சியும் கூடாது, கட்டும் கூடாது. படுத்து, காலை உயர்த்தி வைத்துக்கொண்டு உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஓய்வு என்பது அந்தச் சில நாட்களுக்குத்தான்.

ரயில்வேக்காரன் புத்தி போகுமா? ஒரு நோட்டுப் போட்டு அளவு எழுதி வருகிறேன். கணுக்காலுக்கு மேலே 10 செ.மீ.யில் பேனாவால் குறி வைத்து, வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பால் அளப்பேன். ஆரம்பத்தில் 36 செ.மீ., எட்டு மாதத்தில் 31. நல்ல காலில் அதே இடம் 24. பாக்கி 7 செ.மீ. போகும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. யாரும் அப்படி வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் வருடத்துக்கு ஆறு தரம் வந்த குளிர் காய்ச்சல் அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் வந்தது. கட்டு அவிழ்த்த காலோடு கோயிலுக்குள் நடக்கிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

கை வீக்கத்துக்கும் இதுவேதான்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் அக்குள் நெறிகளை எடுத்த பிறகு சில பெண்களுக்குக் கை வீங்குவதுண்டு. அவர்களிடம் குடம் தூக்காதே, தேங்காய் துருவாதே என்றே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 2009-ல் அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள 141 பெண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு இறுக்கமான கையுறை அணிவித்து, வாரம் இருமுறை, மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடை தூக்கப் பழக்கினார்கள். அவர்களுக்கு வீக்கம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. கை மோசமாகும் தடவைகளும் குறைந்தன. நம் குடும்பங்களிலும் இப்படிக் கையை மறைத்துக்கொண்டிருக்கும் சகோதரிகள் இருக்கலாம். அவர்கள் தங்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

மாத்திரை விஷயம்

இன்னொரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். 2004 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2019-ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை ஆரம்பித்த முதல் சில மாவட்டங்களில் நம் நாக்பூரும் ஒன்று. "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லை" என்று மனைவி மக்களுக்கு உரிய மாத்திரைகளை நான் மேஜை டிராயரில் போட்டு வைத்தேன். வீக்கம் எதுவும் தெரியாதவர் உடம்பிலும் புழு இருக்கலாம். அவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடிக்கும். கர்ப்பிணிகள், மிகச் சிறு குழந்தைகள், கடும் நோயாளிகள் தவிர மற்றவர்கள் எல்லோரும் சாப்பிடத்தான் அதைக் கொடுக்கிறார்கள். வந்த வீக்கத்தை அது போக்காது, வராமல் தடுக்கும். 2027-க்குள் நாட்டிலிருந்து இந்த நோயை ஒழிக்க வேண்டும் என்று அரசு குறி வைத்திருக்கிறது. மாத்திரை டிராயரில் கிடந்தால் அது நடக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ வீங்கிய காலோடு இருந்தால், ஊரிலிருந்து போனில் பேசும்போது "சும்மா உக்காருங்க" என்று சொல்லாதீர்கள். "இன்னிக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்று கேளுங்கள். எங்கள் அம்மா அதைத்தான் சொல்ல வந்தார், நான் கேட்கவில்லை. அந்தப் பிரம்பு நாற்காலி இன்னமும் கும்பகோணத்து வீட்டில் கிடக்கிறது.

காலையில் ஐந்தரை மணிக்கு அம்பாஜரியில் இடது காலில் வெள்ளைக் கட்டோடு ஒருவர் மெதுவாக நடப்பதைப் பார்த்தால் அது நான்தான். தயங்காமல் வந்து சேர்ந்துகொள்ளுங்கள். கட்டுப் போட நேரில் காட்டித் தருபவர் யார் என்றும் சொல்கிறேன்.