எலும்புக் கட்டிக்குக் கதிர்வீச்சு: ஒரு நாளா, பல நாளா?

கடலூர், சிதம்பரம் பக்கம் ‘கரண்டு வைக்கணும்’, அதாவது கதிர்வீச்சு கொடுக்கணும், என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் கணக்கு தொடங்கிவிடும். புதுச்சேரி ஜிப்மருக்கு எத்தனை நாள் பஸ் ஏறுவது, கூட யார் போவது, வேலைக்கு எத்தனை நாள் லீவு? தயங்காமல் டாக்டரிடமே கேளுங்கள். எலும்பு விஷயத்தில் அந்தக் கேள்விக்கு மருத்துவத்திலும் இடம் உண்டு.

பெரியவர்களின் எலும்பில் தெரியும் புற்றுநோய் பெரும்பாலும் அங்கேயே பிறந்ததல்ல. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் என்று வேறெங்கிருந்தோ பரவி வந்தது. அங்கே முதல் வேலை வலியைக் குறைப்பது. அதற்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை ஒரே நாளில் கொடுத்தாலும், 30 கிரேயைப் பத்து நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே முறை வைத்தவர்களில் சிலருக்குப் பின்னால் இன்னொரு முறை தேவைப்படலாம், அவ்வளவே. வலி மறுநாளே போகாது. சில வாரம் பிடிக்கும். முதல் சில நாள் கூடவும் செய்யும். ‘கரண்டு ஒத்துக்கலை’ என்று அதற்குள் முடிவு கட்டிவிட வேண்டாம்.

துல்லியம் மிக அவசியமாவது முதுகெலும்பில். கட்டிக்குச் சில மில்லிமீட்டர் தள்ளித் தண்டுவடம் ஓடுகிறது. அளவு மீறினால் கால் விளங்காமல் போகலாம். அதனால் முதலில் உடம்பை அசையாமல் பிடிக்கும் ஏற்பாடு: சிறு மணிகள் நிரப்பிய பையில் படுக்கவைத்துக் காற்றை உறிஞ்சினால், பை முதுகின் வடிவத்திலேயே இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் அதே பள்ளத்தில்தான் படுக்கை. கதிரைத் தொடங்குமுன் மேஜையிலேயே ஒரு ஸ்கேன். விலகியிருந்தால் மேஜையை நகர்த்திச் சரிசெய்வார்கள். பல கோணங்களிலிருந்து வரும் கதிர்கள் கட்டியில் ஒன்றுகூடுவதால் அங்கே வீரியம் அதிகம், வழியில் குறைவு. படுக்க முடியாத வலி இருந்தால் முன்கூட்டியே மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதுகெலும்புக்கு இப்படித் துல்லியமாகக் கதிரைக் குவிக்கும் முறையில் 24 கிரேயை இரண்டே அமர்வில் கொடுத்த ஓர் ஆய்வில் (2021), மூன்று மாதத்தில் 35 சதவீதம் பேருக்கு வலி முழுதும் நின்றது. வழக்கமான முறையில் 14 சதவீதம். ஒரே அமர்வில் கொடுத்துப் பார்த்த வேறோர் அமெரிக்க ஆய்வில் அப்படி வித்தியாசம் வரவில்லை. சிகிச்சையின் விலை கூடினால் பலனும் கூடும் என்று எல்லாருக்கும் சொல்ல முடியாது.

எலும்பிலேயே பிறக்கும் கட்டிகளின் கதை வேறு. பிள்ளைகளுக்கு முழங்கால் பக்கம் வரும் ஆஸ்டியோசர்கோமாவுக்கு அறுவையும் கீமோவும்தான் பிரதானம். ஈவிங் சர்கோமா கதிருக்கு நன்றாகக் கட்டுப்படும். மண்டையோட்டின் அடியிலும் முதுகின் கடைசியிலும் வரும் கார்டோமா என்ற கட்டிக்குப் புரோட்டான் கதிர் பொருந்தும். அது குறித்த ஆழத்தில் நின்றுவிடும். சென்னை அப்போலோவில் 2019 முதல் அந்த வசதி இருக்கிறது.

முதுகெலும்பில் கட்டி உள்ளவருக்குக் கால் பலவீனமானாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.