ராணுவ முகாமுக்கு ஓடிப் பழகுகிறீர்களா? ஓய்வும் ஒரு பயிற்சிதான்!

ராணுவத்தில் அக்னிவீராகச் சேர விரும்புகிறவர்களுக்கு 2023-ம் ஆண்டு முதல் தேர்வு முறை தலைகீழாக மாறிவிட்டது. முன்பு முதலில் மைதானம், பிறகுதான் எழுத்துத் தேர்வு. இப்போது முதலில் கணினி வழித் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு மட்டுமே ஆள்சேர்ப்பு முகாமுக்கு அழைப்பு வரும்.

இதில்தான் சிக்கலே. மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தவர்கள், ரிசல்ட் வந்த மறுநாளே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். விட்டதையெல்லாம் பிடிக்கும் வேகத்தில் காலையில் 8 கி.மீ., மாலையில் 5 கி.மீ., நடுவில் புல்-அப்ஸ். இரண்டு வாரம் ஜோராகப் போகும். பிறகு ஒரு நாள் முழங்காலுக்குக் கீழே 'சுருக்'கென்று வலிக்கும். அந்த வலியை அலட்சியப்படுத்தினால், முகாம் நாளன்று வீட்டில்தான் இருக்க வேண்டியிருக்கும்.

இலக்கு என்ன?

பொதுப் பணிப் பிரிவுக்கு வரும் ஆண்கள் 1.6 கி.மீ. தூரத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண் 60. புல்-அப்ஸ் 10 எடுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதிலும், ஜிக்-ஜாக் கட்டையில் விழாமல் நடப்பதிலும் தேறினால் போதும். (விண்ணப்பிக்கும் பிரிவுக்கான அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

400 மீட்டர் டிராக்கில் இது 4 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 82 விநாடி. இது மாரத்தான் இல்லை. தினமும் 13 கி.மீ. ஓடிக் காலைத் தேய்க்கத் தேவையில்லை.

தசை முந்தும், எலும்பு பிந்தும்!

ஓடும்போது உடல் பலம் பெறுவதில்லை, களைத்துத்தான் போகிறது. அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்து, முன்பைவிட உறுதியாக்கும் வேலை தூக்கத்திலும் ஓய்விலும்தான் நடக்கிறது. ஓய்வைப் பறித்தால், செய்த பயிற்சியின் பலனையும் பறித்ததாகிவிடும்.

இன்னொரு விஷயம்... மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கு மாதங்கள் தேவை. புதிய சுமை விழும்போது உடல் முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து எடுத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். அந்த இடைப்பட்ட வாரங்களில் எலும்பு பலவீனமாக இருக்கும். 'இப்போது மூச்சு வாங்கவில்லையே' என்று தூரத்தைக் கூட்டுவதும் அதே வாரங்களில்தான். விளைவு, முடியிழை போன்ற விரிசல். இதுதான் 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்'.

1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், அணிநடை சென்ற வீரர்களின் பாதத்தில் வரும் வீக்கத்தையும் வலியையும் பதிவு செய்திருக்கிறார். எக்ஸ்-ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. இந்த விரிசல் ஆற பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்கள் ஓடாமல் இருக்க வேண்டும்.

உடல் கொடுக்கும் சிக்னல்கள்

* காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பைக் குறித்துவையுங்கள். வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடுதலாகத் தொடர்ந்து சில நாள்கள் இருந்தால், பயிற்சியைக் குறையுங்கள்.
* கஷ்டப்பட்டு ஓடியும் நேரம் கூடிக்கொண்டே போவது, தூக்கமின்மை, பசியின்மை, தொட்டதற்கெல்லாம் எரிந்துவிழுவது.
* பயிற்சி எடுக்கும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது.
* எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலி. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது விரிசலைப் பெரிதாக்கும்.
* ஒரே நாளில் ஏராளமான புல்-அப்ஸ் எடுத்த பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 20 முதல் 30 நிமிடம் நடையும் மெல்லோட்டமும் போதும். பக்கத்தில் ஓடுபவரிடம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் வேக ஓட்டம், இடையிடையே நல்ல ஓய்வுடன். தூரம், வேகம் இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். நான்காவது வாரம் பயிற்சியை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள்.

புல்-அப்ஸ் வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஒன்றுகூட வரவில்லையா? எம்பிக் கம்பியைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறங்கிப் பழகுங்கள். தார் ரோட்டைவிட மண் தரை காலுக்கு நல்லது. முகாமுக்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

ஓடப் போகும் பிள்ளைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்புங்கள். திரும்பியதும் இட்லியோடு முட்டை அல்லது சுண்டல் கொடுக்கலாம். கேழ்வரகு, வேர்க்கடலை, பால் ஆகியவையும் எலும்புக்கும் தசைக்கும் கைகொடுக்கும். இரவு 12 மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு 4:30-க்கு எழுந்து ஓடுவதில் பயனில்லை; 8 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புத்தகத்தை எடுத்தவுடன் ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். ரிசல்ட் வரும் நாளில் உங்கள் எலும்பும் தயாராக இருக்கும்.