ரதி சேலை கட்டும் நேரம்!

காலையில் கொழுந்து மடுவத்தில் மூட்டை தூக்கிய இளைஞர், இருட்டியதும் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து மீசையை மழிக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்தான் ரதி! சேலை சுற்றிவிட அக்காமார், மை தீட்ட ஒரு மாமா, "ஆடாம இருடா, மை கலைஞ்சிரும்" என்று அதட்ட அம்மா. பக்கத்துக் காம்பராவில் மன்மதனுக்குத் தோளணி கட்டுகிறார்கள். வெளியே சருகைக் கொளுத்தித் தப்பு காய்ச்சுகிறார்கள். மலைப் பனியில் தோல் தளர்ந்துவிடும்; சூட்டில் இறுகினால்தான் அடி பக்கத்து டிவிசன் வரை கேட்கும்.

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் காமன் கூத்துக்குள் எட்டிப் பார்க்கிறோம்! 1820களிலிருந்து கோப்பிக்கும், 1867இல் தொடங்கிய தேயிலைக்கும் ஆள் வந்தபோது தமிழ்நாட்டிலிருந்து கூடவே வந்த கூத்து இது. மாசியில் மூன்றாம் பிறை பார்த்துக் காமன் கம்பம் ஊன்றுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் கணை தொடுப்பான். நெற்றிக்கண் திறக்கும், சாம்பலாவான். ரதி அழுது மன்றாடி அவனை மீட்பாள்.

இந்தக் கூத்துக்கு இப்போது இரண்டு நடை. ஒன்று கம்பம் ஊன்றிய காமன் பொட்டலில், மற்றது மேடையில். இரண்டையும் அருகில் நின்று பார்த்தால்தான் தெரியும், ரகசியமெல்லாம் காலில் இல்லை, வட்டத்தில் இருக்கிறது!

பொட்டலில் சனம் சுற்றி நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருக்கு முதுகுதான். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. ரதியும் மதனும் பார்ப்பது ஒருவரை ஒருவர், அடுத்து தப்புக்காரரை. அவர் அடியை முடுக்கினால் சலங்கையும் முடுக்கும்; கால் களைத்தது தெரிந்தால் அவரே அடியைத் தளர்த்துவார். லயம் லயமாகப் போய் வாசலில் ஆடும்போது, எவ்வளவு நேரம் என்பதை அந்த வீடுதான் முடிவு செய்யும். தாத்தா எழுந்து இரண்டு அடி போட்டால் ஆட்டம் நீளும். முன்பு ரதி கட்டியவர் கூட்டத்தில் நின்று வாய்க்குள்ளேயே பாட்டைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆடுபவர் வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். ஆடுகிறவர்கள் நேர்த்திக்காக விரதமிருந்து வேஷம் கட்டுகிறவர்கள். இங்கே மதிப்பெண் போட ஆளில்லை.

மேடைக்கு வாருங்கள், அங்கே வேறொரு பரபரப்பு! தமிழ் மொழித் தினப் போட்டி, கலை விழா என்று வந்துவிட்டால் இரவுக் கணக்கு நிமிடக் கணக்காகிவிடும். வட்டம் பிறையாகத் திறக்கும், தப்பு ஓரத்துக்குப் போகும், முகம் சபையைப் பார்க்கும், அடிகள் எண்ணி வைக்கப்படும். ரதியின் நீண்ட ஒப்பாரி சில வரிகளாகச் சுருங்கும். இது லேசான வேலை இல்லை. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை அரங்குக்கு ஏற்பச் செறிவாக்கி 1962இல் 'கர்ணன் போர்' தந்தபோது, நாட்டார் ஆட்டத்தின் அழகு நகரத்துக் கண்ணுக்கும் புரிந்தது. அந்தக் கதவு திறந்ததால்தான் தப்புச் சத்தத்துக்கு இன்று மண்டபத்தில் கைதட்டல் கிடைக்கிறது.

புவெனஸ் ஐரிஸிலும் இதே இரட்டை நடைதான், தெரியுமா! அங்கே 2003 முதல் நடக்கும் உலக டாங்கோ போட்டியில் இரண்டு பிரிவுகள். 'பிஸ்தா'வில் என்ன இசை வரும் என்றே சோடிகளுக்குத் தெரியாது. அணைப்பை விடாமல், மற்ற சோடிகளுக்கு இடம்விட்டு, கூட்டமாகத் தளத்தைச் சுற்றி வர வேண்டும். 'எசெனாரியோ' மேடைக்கானது: முன்பே அமைத்த அடிகள், தாவல்கள், தூக்கல்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பட்டம். ஒன்றை மற்றதன் அளவுகோலால் அளப்பதில்லை.

நமக்கும் அந்தத் தெளிவு வேண்டும். மேடைக் காமன் பொட்டல் காமனின் சுருக்கப் பிரதியல்ல, பொட்டல் காமன் மேடைக்கான ஒத்திகையும் அல்ல. ஆனால் வரிசை ஒன்று உண்டு: தப்புக்காரரின் கண்ணைப் பார்த்து அடி மாற்றத் தெரிந்தவருக்கு மேடை பழகிவிடும், எண்ணிக்கை மட்டும் பழகியவர் பொட்டலில் முதல் முடுக்கிலேயே திணறுவார். ஆகவே, பிள்ளைகளைப் போட்டிக்குப் பழக்கும் ஆசிரியர்களே, மாசி பிறந்தால் அவர்களைக் கம்பம் ஊன்றிய தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். கூத்து மாஸ்டர் பக்கத்தில் நிறுத்துங்கள், ரதிக்குச் சேலை மடிப்பு எடுக்கச் சொல்லுங்கள், தப்பு காய்ச்ச விடுங்கள். அடவு தானாக வரும்!